பாதி கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) முடிந்த நிலையில் அப்பா "போதும்" என்கிறார், என்ன கொடுத்தால் தெம்பு வரும்?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது சாப்பாட்டைப் பற்றி. ஆனால் அந்தக் கேள்விக்கு மேலே எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்கு 56 வயது, வலது கன்னத்தில் புற்று, தாடை எலும்பில் கொஞ்சத்தோடு எடுத்துவிட்டு மார்புச் சதையை வைத்துத் தைத்திருக்கிறார்கள். 30 கரண்டில் 14 முடிந்திருக்கிறது, கூடவே வாரம் ஒரு கீமோ. நீடாமங்கலம் பக்கத்திலிருந்து தினமும் தஞ்சாவூர் போய் வருகிறீர்கள். ஆறு கிலோ இறங்கிவிட்டார், ஒரு வாரமாகத் தட்டைத் தள்ளிவிடுகிறார், யாரோடும் பேசுவதில்லை, போன வெள்ளிக்கிழமை நோட்டில் "போதும், விட்டுடு" என்று எழுதிக் காட்டினார். ஆக, பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும், நிறுத்தாமல் இந்த மனுஷனை எப்படிக் கரை சேர்ப்பது, இதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் டாக்டர் இல்லை. கரண்ட் வைக்கும் வார்டில் 22 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், வீடு பாபநாசம் பக்கம். நோய் எந்த நிலை, முழுக்கக் குணமாகுமா, மருந்து அளவு சரியா, இதெல்லாம் ஸ்கேனையும் ரிப்போர்ட்டையும் பார்த்த டாக்டர் சொல்ல வேண்டியவை, நான் வாய் திறக்க மாட்டேன். சாப்பிடாத நோயாளிகளோடு மல்லுக்கட்டிய அனுபவம் மட்டும் நிறைய இருக்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 14 கரண்ட் என்றால் மூன்றாவது வாரம். வாய்க்குள் இருக்கும் மெல்லிய தோல் நம் உடம்பில் வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் இடங்களில் ஒன்று, கதிர்வீச்சு அந்தப் புதுப்பிப்பை நிறுத்திவைக்கிறது, பழைய தோல் உரிந்துபோகப் புதுசு வராமல் உள்ளே பச்சைப் புண்ணாக நிற்கிறது. இரண்டாவது வாரக் கடைசியில், மூன்றாவது வாரத்தில் தொடங்கும், கீமோ சேர்ந்தால் கூடுதலாக இருக்கும். உங்கள் அப்பா மட்டும் பலவீனமானவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் முக்கால்வாசிப் பேருக்கு வாய்க்குள் இதே கதைதான். இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: கடைசிக் கரண்ட் முடிந்த அன்றைக்குப் புண் ஆற ஆரம்பிக்காது. முடிந்தபிறகும் ஒன்றிரண்டு வாரம் இதே மாதிரி, சிலருக்கு இன்னும் மோசமாகக்கூட இருக்கும், அதற்கப்புறம்தான் வாரா வாரம் குறையும். இது தெரியாத வீடுகளில், "எல்லாம் முடிஞ்சும் இப்படி இருக்காரே, நோய் திரும்பிடுச்சோ" என்று பயந்து அழுது பார்த்திருக்கிறேன்.

நிறுத்துவதைப் பற்றி. பாதிக் கரண்ட் வைத்தால் பாதிக் குணம் என்று கணக்கு இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விடாமல் அடிப்பதில்தான் அதன் பலமே இருக்கிறது, நடுவில் விட்டால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் அந்த இடைவெளியில் வேகமாகப் பெருகும். தலை, கழுத்துப் புற்றில் மொத்தச் சிகிச்சை ஒரு நாள் நீண்டாலே நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது என்பது ரொம்ப வருஷமாகச் சொல்லப்படுகிற கணக்கு. அதனால் வயலில் நடவு, மாமா வீட்டுக் கல்யாணம், ஒரு நாள் ஓய்வு என்று எதற்கும் லீவு போடாதீர்கள். மெஷின் ரிப்பேர், பண்டிகை விடுமுறை என்று அவர்களாகவே நாள் தள்ளிவிட்டால், அதை எப்படி ஈடுகட்டப் போகிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அதே சமயம், ரொம்ப முடியாமல் போய் டாக்டரே இரண்டு நாள் நிறுத்தினால் அது வேறு, அதற்குப் பதற வேண்டாம்.

இப்போது சாப்பாடு. இதில் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு, வலியை விட்டுவிட்டுத் தட்டில் என்ன வைப்பது என்று யோசிப்பது. உரிந்த வாயில் தண்ணீர் பட்டாலே மிளகாய்த்தூள் தூவினது மாதிரி எரியும். அவருக்குப் பசி இல்லாமல் இல்லை, பயம். அதனால் அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது முதல் வாக்கியமே "வலி தாங்க முடியாமல் சாப்பிடவில்லை" என்று இருக்கட்டும். "சாப்பிட மாட்டேங்கிறாரு" என்று மட்டும் சொன்னால் சத்துப்பவுடர் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சாதாரண வலி மாத்திரை போதவில்லை என்றால் அதற்கு மேலே டிரமடால், அதற்கும் மேலே மார்ஃபின் என்று படிப்படியாக இருக்கிறது. மார்ஃபின் என்றதும் "அது கடைசிக் கட்டத்துக்குக் கொடுக்கிறதாச்சே" என்று கை நடுங்குகிறவர்கள் உண்டு. இந்த வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுத்து, புண் ஆறியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் வாயில் வைத்து மரத்துப்போகச் செய்யும் மருந்தும் இருக்கிறது. அது போட்டபிறகு சூடு தெரியாது, ஆகவே எதையும் ஆறவைத்தே கொடுங்கள்.

வாய் கொப்பளிப்பதுதான் இந்த ஆறு வாரத்தின் முக்கால் வைத்தியம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. எரிந்தால் இரண்டையும் பாதியாகக் குறையுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். தினம் புதுசாகக் கலக்க வேண்டும். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டாம், அதில் ஆல்கஹால் இருந்தால் எரிச்சலில் துடித்துவிடுவார். நாக்கிலோ கன்னத்திலோ வெள்ளை வெள்ளையாகத் தயிர் ஒட்டினது மாதிரி தெரிந்தால் அது காளான் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது, போட்டால் சில நாளில் வலி குறையும்.

தேன் தடவலாமா, மஞ்சள் தண்ணீர் கொப்பளிக்கலாமா என்று நிச்சயம் யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டையும் வைத்து ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன, சிலவற்றில் புண் குறைந்தது என்று வந்திருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி வரவில்லை. சர்க்கரை வியாதி இல்லாதவருக்கு, டாக்டரிடம் சொல்லிவிட்டு, சுத்தமான தேன் கொஞ்சம் என்றால் நான் தடுக்க மாட்டேன், பின்னாலேயே வாயைக் கொப்பளிக்க வேண்டும், எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். கீமோ ஓடும்போது உள்ளுக்குச் சாப்பிடும் நாட்டு மருந்து, பஸ்பம், சூரணம் எதுவும் வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சிறுநீரகத்தைப் பணயம் வைக்கக்கூடாது, வாராவாரம் ஏற்றும் மருந்து சிஸ்பிளாட்டின் என்றால் (பெரும்பாலும் அதுதான்) அதுவே சிறுநீரகத்துக்குப் பாரம்.

சரி, என்ன கொடுப்பது. நம் ஊரில் நோயாளி என்றதும் நீர்க்கஞ்சிதான் நினைவுக்கு வரும், ஆனால் ஒரு டம்ளர் நீர்க்கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். உங்கள் அப்பா எடையில் இருக்கிறவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1600 கலோரியும் 65 கிராம் புரதமும் வேண்டும் என்பது வார்டில் போடும் கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 6 கிராம் புரதம், இப்படிக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே கஞ்சியைப் பாசிப்பருப்போ உளுந்தோ போட்டுக் குழைய வேகவைத்து, பாலும் ஒரு ஸ்பூன் நெய்யும் ஊற்றி மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் அது வேறு சாப்பாடு. பாலில் ஊறிய இட்லி, முட்டையைப் பாலோடு அடித்து ஆவியில் வேகவைத்தது, மிளகு மிளகாய் இல்லாமல் குழைந்த பொங்கல், மசித்த வாழைப்பழம், புளிக்காத தயிரில் கரைத்த சாதம். அசைவம் உண்டு என்றால் விராலை வேகவைத்து முள் பார்த்து எடுத்து, கஞ்சியோடு அடித்துக் கொடுங்கள். புளி, எலுமிச்சை, ஆரஞ்சு ஜூஸ், சூடான ரசம் இப்போதைக்கு வேண்டாம். மூன்று வேளை என்று உட்காரவைக்காதீர்கள், இரண்டு மணிக்கு ஒரு தடவை அரை டம்ளர், கடிகாரத்தைப் பார்த்து. சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் இந்தப் பட்டியலை டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்தும் எடை இறங்கிக்கொண்டே போனால் மூக்கு வழியாக டியூப் போடச் சொல்வார்கள். ஆறு கிலோ இறங்கியிருக்கிறார் என்றால் இந்த வாரமே அந்தப் பேச்சு வரும், நீங்களே கேட்டாலும் தப்பில்லை. "டியூப் போட்டாச்சுன்னா அவ்வளவுதான்" என்று ஊரில் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சில வாரத்துக்கு வாய்க்குக் கொடுக்கும் ஓய்வு அது, புண் ஆறியதும் உருவிவிடுவார்கள். நன்றாக உட்காரவைத்து, ஒரு தடவைக்கு 200 மில்லி, மெதுவாக, முடிந்ததும் 50 மில்லி தண்ணீர், அப்புறம் ஒரு மணி நேரம் படுக்கக்கூடாது. ஒவ்வொரு தடவையும் மூக்கு ஓரத்தில் டியூப்பின் குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தாலோ வெளியே வந்துவிட்டாலோ வீட்டில் திரும்ப உள்ளே தள்ளவே கூடாது. டியூப் இருந்தாலும் எச்சிலையும், டாக்டர் சம்மதித்தால் ஒரு வாய் தண்ணீரையும் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விழுங்காமல் விட்ட தொண்டை விழுங்குவதையே மறந்துவிடும்.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். வார்டில் ஒருவர் இருந்தார், கும்பகோணம் பக்கம் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர், நாக்கு ஓரத்தில் புற்று. வலி மருந்து வேலை செய்தது, புண்ணும் ரொம்ப மோசமில்லை, ஆனால் டம்ளரை வாயருகே கொண்டுபோய் அப்படியே கீழே வைத்துவிடுவார். நான் தினமும் அதட்டுவேன், "குழந்தை மாதிரி அடம் பிடிக்கிறீங்களே மாமா" என்று மற்ற நோயாளிகள் முன்னாலேயே. ஒரு நாள் அவர் சம்சாரம் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "அவருக்கு உப்பு தெரியலம்மா, சொல்ல வெக்கப்படுறாரு" என்றார். நாற்பது வருஷம் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தே ஆயிரம் பேர் சாம்பாருக்கு உப்பு சொன்ன மனிதர். நாக்கு செத்துப்போச்சு என்று நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்வோம், அவருக்கு நிஜமாகவே செத்துப் போயிருந்தது, கூடவே தொழிலும் போய்விட்டது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். ருசி போவது ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கும், பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப ஆரம்பித்து ஒரு வருஷம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரும், சிலருக்கு முழுசாக வராது என்று உள்ளதை உள்ளபடி உட்கார்ந்து சொன்னேன். அதை நான் முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும். நாலு மாதம் கழித்துச் செக்கப்புக்கு வந்தபோது புளிப்பு தெரிகிறது, இனிப்பு இன்னும் மண் மாதிரிதான் இருக்கிறது என்று கணக்கு ஒப்பித்தார். உங்கள் அப்பாவிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், வலியா, ருசி இல்லையா, குமட்டலா, தொண்டையில் சிக்கும் பயமா என்று நாலையும் தனித்தனியாக நோட்டில் எழுதி, எது என்று வட்டம் போடச் சொல்லுங்கள். நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அப்புறம் அந்த வெட்கம். நம் பக்கத்தில் வாசலைத் தாண்டி யார் போனாலும் "சாப்டாச்சா?" என்றுதான் கேட்போம், அது நலம் விசாரிப்பு, பதில்கூட எதிர்பார்க்க மாட்டோம். சாப்பிட முடியாதவர் காதில் அது ஒரு நாளைக்கு இருபது தடவை விழுகிறது. வாய் ஓரம் எச்சில் ஒழுகும், கஞ்சி வழியும், முகம் ஒரு பக்கம் இழுத்திருக்கும், பேச்சு குழறும். பந்தியில் நடு நாயகமாக உட்கார்ந்து பரிமாறச் சொன்னவருக்கு இது சாதாரணம் இல்லை. பார்க்க வருகிறவர்களும் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்ப்பார்கள். மூன்று வாரத்துக்கு விருந்தாளிகளை வாசலோடு நிறுத்துங்கள், பழி உங்கள் மேல் இருக்கட்டும், "டாக்டர் பார்க்க விடக்கூடாதுன்னுட்டாரு" என்று பொய் சொன்னாலும் பாவமில்லை. ஆனால் பேரப்பிள்ளைகளை விலக்காதீர்கள். கரண்ட் என்று பெயர்தான், உடம்பில் எதுவும் தங்காது, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அவர் கஞ்சி குடிக்கும்போது அம்மாவோ நீங்களோ பக்கத்தில் (எதிரில் வேண்டாம்) உட்கார்ந்து அதே கஞ்சியைக் குடியுங்கள்.

குற்ற உணர்ச்சியும் இருக்கும், அதை அவர் எழுதிக் காட்ட மாட்டார். வெற்றிலை போட்டதால்தானே என்று. காரணம் அதுவாகவே இருக்கலாம், புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கம்தான் நம் நாட்டில் கன்னப் புற்று இவ்வளவு அதிகமாக இருப்பதற்குக் காரணம். அதை இப்போது அவரிடம் சொல்லிக்காட்டுவதால் யாருக்கு லாபம்? வெற்றிலைப் பெட்டி நம் வீடுகளில் மரியாதையின் அடையாளமாக இருந்தது, அவர் அதைக் கற்றுக்கொண்டதும் பெரியவர்களிடமிருந்துதான். ஆனால் அம்மா இன்னும் "புகையிலை இல்லாமத்தானே போடுறேன்" என்று போட்டுக்கொண்டிருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் புகையிலை சேராத தாம்பூலத்தையும், தனிப் பாக்கையும்கூடப் புற்றை உண்டாக்குபவை என்று வகைப்படுத்திவிட்டது.

"போதும், விட்டுடு" என்பதை நீங்கள் கரண்டைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியே இருக்கலாம். ஆனாலும் நேராகக் கேளுங்கள்: "அப்பா, கரண்ட் போதும்ங்கிறீங்களா, உயிரே போதும்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். வாய்ப் புற்று நோயாளிகளிடம் இந்த எண்ணம் மற்றவர்களைவிட அதிகம் என்பது தெரிந்த விஷயம். ஆமாம் என்று தலையாட்டினால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பார்க்க வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். பதில் எதுவாக இருந்தாலும், வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

உடம்பு வேலைகள் இரண்டு இருக்கின்றன, சிகிச்சை நடக்கும்போதே தொடங்க வேண்டியவை. ஒன்று வாய் திறப்பது. ஆபரேஷன், கரண்ட் இரண்டும் சேர்ந்து தாடைத் தசையை இறுக்கும், அவரவர் கையில் மூன்று விரல் நுழையும் அளவு திறந்தால் நல்லது. ஐஸ் குச்சிகளை அடுக்கி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டுவது பழைய முறை, ஆனால் தாடை எலும்பு எடுத்திருப்பதால் எப்போது, எவ்வளவு என்று சர்ஜனிடம் கேட்டபிறகே செய்யுங்கள். இன்னொன்று தோள். கழுத்தில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் அந்தப் பக்கம் கை மேலே தூக்க வராது, பிசியோதெரபி இல்லாமல் விட்டால் அப்படியே இறுகிவிடும்.

காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், மூச்சு வாங்கினால், வாயில் ரத்தம் நிற்காமல் வந்தால், காலையில் போய்க்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள், கீமோ ஓடும் உடம்பில் காய்ச்சல் என்பது அவசரம். காதில் ரீங்காரம், சிறுநீர் குறைவது, இதையும் அடுத்த கீமோவுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

கரண்ட் முடிந்தபிறகு என்னவெல்லாம் என்று இப்போதே கவலைப்பட வேண்டாம், மூன்று மட்டும் எங்காவது குறித்து வையுங்கள். கரண்ட் பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம், எத்தனை வருஷம் ஆனாலும், ஆகவே எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் அதை முதலில் சொல்ல வேண்டும். கழுத்தில் கரண்ட் பட்டவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம், ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும், சோர்வாகவே இருக்கிறார் என்று விட்டுவிடக்கூடாது. திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள்தான் வரும், அதனால் நன்றாக இருக்கிறோம் என்று செக்கப்பைத் தவறவிடக்கூடாது. இன்னொன்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத சமாசாரம்: மார்புச் சதை வைத்த இடத்தில் வாய்க்குள் முடி முளைக்கலாம். கரண்டில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், இருந்தால் வெட்டிவிடுவார்கள், பயந்துவிடாதீர்கள்.

தினமும் போய் வரும் அலைச்சல் அவரைவிட உங்களைத் தின்னும். மருத்துவமனையில் தங்க இடம் கிடைக்குமா, மிச்சம் இருக்கும் 16 கரண்டுக்காவது தஞ்சாவூரில் ஒரு அறை எடுக்க முடியுமா என்று பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கரண்ட், கீமோ இரண்டும் அடங்கும். ரயிலில் வருவதானால் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் கூட வருகிற ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். அண்ணன் தம்பி, மச்சான் யாராக இருந்தாலும் வாரத்தில் இரண்டு நாள் அவர்களைக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு நீங்கள் தூங்குங்கள்.

திங்கட்கிழமை போகும்போது வலி மருந்து, டியூப், வாயில் வெள்ளைப் படலம் இருக்கிறதா, மனசு, இந்த நாலையும் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனால் எல்லாம் மறந்துவிடும். அப்பா எழுதிக் காட்டும் அந்த நோட்டுக்குப் பதிலாக ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுங்கள். எச்சில் பட்டால் காகிதம் நைந்துவிடும், அதைப் பார்த்தே பாதிப் பேர் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று வந்து எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.